தொடக்கப்பள்ளி ஆசிரியராக ஒரு பட்டப்படிப்பு: சேர்வது முதல் பயிற்சிப் பள்ளி வரை

ஏதாவது ஒரு பாடத்தில் பட்டம் வாங்கிவிட்டு, பிறகு தனியாக ஆசிரியப் பயிற்சி பெறுவது ஒரு வழி. பள்ளிப்படிப்பு முடிந்ததும் மூன்று அல்லது நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பில் சேர்ந்து, பாடத்தையும் கற்பிக்கும் முறையையும் பள்ளிப் பயிற்சியையும் சேர்த்தே படிப்பது இன்னொரு வழி. தொடக்கப்பள்ளிக்குப் போக நினைப்பவருக்கு இரண்டாவது வழி நன்றாகப் பொருந்தும். ஆறு வயதுக் குழந்தைக்கு மொழி, கணக்கு, அறிவியல், படம் வரைதல், விளையாட்டு எல்லாவற்றையும் பெரும்பாலும் ஒரே ஆசிரியர்தான் சொல்லித்தருகிறார். இத்தனையையும் ஓராண்டில் திணித்துக்கொள்ள முடியாது.

ஆனால் காலம் நிறைய இருக்கிறது என்ற நிம்மதியே பலருக்கு எதிரி. முதல் இரண்டு ஆண்டை ஏட்டுப்படிப்பாகக் கடத்திவிட்டு, பயிற்சிப் பள்ளியில் நின்றபின்தான் விழிக்கிறார்கள். இந்தப் படிப்பில் கற்றுக்கொள்ள வேண்டிய முதன்மையான திறமை ஒன்றுதான்: ஒரு குழந்தை தப்பாக எழுதியதைப் பார்த்து, அது என்ன நினைத்து அப்படி எழுதியது என்று கண்டுபிடிப்பது. கீழே சொல்வதெல்லாம் அதைச் சுற்றித்தான்.

சேர்வதற்கு முன்

கல்வியியல் என்று பெயரில் இருந்தாலே அது ஆசிரியர் தகுதி தரும் பட்டம் ஆகிவிடாது. கல்வியைப் பற்றிப் படிக்கும் பட்டம் வேறு, கற்பிக்கத் தகுதி தரும் பட்டம் வேறு. முதல் வகையை முடித்தவர், வகுப்பில் நிற்க இன்னொரு பயிற்சிக்குப் போக வேண்டியிருக்கும். ஆகவே கல்லூரியிடம் முதலில் இதைக் கேளுங்கள்: பட்டம் முடித்த அன்றே நான் தொடக்கப்பள்ளியில் வேலைக்கு விண்ணப்பிக்கலாமா, அல்லது அதன்பின் தகுதித் தேர்வோ பதிவோ இருக்கிறதா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். அதே கேள்வியை ஆசிரியர் தகுதியை நிர்ணயிக்கும் அரசு அமைப்பின் விதிகளிலும் ஒருமுறை சரிபாருங்கள். சேர்க்கை அலுவலகத்தின் வாய்மொழி உறுதியை நம்பிச் சேர்ந்து, கடைசி ஆண்டில் தவிப்பது அபூர்வமான சங்கதி இல்லை.

அடுத்தது, எந்த வயதுக் குழந்தைகளுக்கான பட்டம் என்பது. சில படிப்புகள் முன்மழலையிலிருந்து ஏழெட்டு வயது வரை. சில ஐந்திலிருந்து பதினொன்று வரை. சில உயர்நிலைப் பள்ளிக்கு மட்டுமே. பெயர் ஒன்றுபோலவே இருக்கும், தகுதி மாறிவிடும்.

மூன்றாவது கேள்விதான் படிப்பின் தரத்தைக் காட்டும்: பள்ளியில் மொத்தம் எத்தனை நாள்? எத்தனை பள்ளிகளில்? முதல்முறை எப்போது? என் வகுப்பை யார், எத்தனை முறை வந்து பார்ப்பார்கள்? முதல் பருவத்திலிருந்தே பள்ளிக்கு அனுப்புகிற கல்லூரியும், கடைசி ஆண்டில் மொத்தமாக ஒரே பள்ளியில் கொண்டுபோய் விடுகிற கல்லூரியும் தரும் பயிற்சி ஒன்றல்ல. ஒரே பள்ளியில் மட்டும் பயின்றவர் அந்தப் பள்ளியின் பழக்கத்தையே கற்பித்தலின் விதி என்று எடுத்துக்கொள்வார்.

சேர்க்கை நேர்காணலில் குழந்தைகளை மிகவும் பிடிக்கும் என்ற பதில் எடுபடாது. எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள். விண்ணப்பிக்கும் முன் ஒரு தொடக்கப்பள்ளியில் அனுமதி கேட்டு, பத்து நாள் பின்பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். கரும்பலகையைப் பார்க்காதீர்கள், ஒரு குழந்தையை மட்டும் பாருங்கள். ஆசிரியர் விளக்கும்போது அது என்ன செய்கிறது, எந்த இடத்தில் பக்கத்து நோட்டைப் பார்க்கிறது, எப்போது பென்சிலைக் கீழே வைக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நேர்காணலில் பேச அந்தக் குறிப்பு போதும்.

முதல் ஆண்டு: தெரிந்ததை மறுபடி படிப்பது

ஒன்றாம் வகுப்புக் கணக்கு எனக்குத் தெரியாதா என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். செய்யத் தெரிவது வேறு, சொல்லித்தரத் தெரிவது வேறு. பாட அறிவுக்கும் பொதுவான கற்பித்தல் முறைக்கும் நடுவே, அந்தந்தப் பாடத்தைப் புரியவைப்பதற்கென்றே தனி அறிவு ஒன்று இருப்பதை லீ ஷுல்மன் 1986-இல் சுட்டிக்காட்டினார். இந்தப் பட்டத்தில் நீங்கள் சம்பாதிக்கப்போவது அந்த அறிவைத்தான்.

உங்களையே ஒருமுறை சோதித்துப் பாருங்கள். ஒன்றே முக்காலை அரையால் வகுக்க வேண்டிய ஒரு கதைக்கணக்கை உருவாக்குங்கள். அமெரிக்க, சீனத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடம் இதைக் கேட்டு லிபிங் மா 1999-இல் வெளியிட்ட ஆய்வு மிகவும் பெயர்பெற்றது. அமெரிக்க ஆசிரியர்களில் பலர், ஒன்றே முக்கால் பங்கை இரண்டு பேருக்குச் சமமாகக் கொடுப்பதுபோல் கதை சொன்னார்கள். அது இரண்டால் வகுப்பது. அரையால் வகுப்பது இல்லை. ஒன்றே முக்கால் மீட்டர் நாடாவிலிருந்து அரை மீட்டர் துண்டுகள் எத்தனை கிடைக்கும் என்று கேட்டால்தான் கணக்கு பொருந்தும். விடை மூன்றரைத் துண்டு. கதை வர அரைமணி நேரம் ஆனால் வெட்கப்பட வேண்டாம். அந்த அரைமணி நேரம்தான் முதல் ஆண்டின் வேலை. கூட்டல் முதல் பின்னம் வரை ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு படம், ஒரு கதை, ஒரு கைப்பொருள் என மூன்றைக் கண்டுபிடித்துத் தனி நோட்டில் எழுதி வையுங்கள்.

குழந்தை வளர்ச்சிப் பாடத்தில், குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜேயை மனப்பாடம் செய்து தேர்வு எழுதுவார்கள். அதைவிட, அவர் செய்த சோதனையை நாலைந்து குழந்தைகளிடம் நீங்களே செய்வது பலமடங்கு கற்றுத்தரும். இரண்டு வரிசையில் சம எண்ணிக்கையில் பொத்தான்களை அடுக்கி, சமமா என்று கேளுங்கள். பிறகு ஒரு வரிசையைப் பரப்பி நீளமாக்கிவிட்டு மறுபடி கேளுங்கள். நான்கைந்து வயதுக் குழந்தைகளில் பலர் நீளமான வரிசையில்தான் அதிகம் என்பார்கள். இங்கேயே நின்றுவிடாதீர்கள். 1974-இல் மக்காரிகிள், டொனால்ட்சன் இருவரும் இதே சோதனையில் ஒரு பொம்மைக் கரடியை விட்டு, அது குறும்பு செய்து வரிசையைக் கலைத்ததுபோல் காட்டினார்கள். அப்போது சரியாகச் சொன்ன குழந்தைகள் அதிகம். பெரியவர் ஒருவர் தானே மாற்றி வைத்துவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால், முதலில் சொன்னது தப்புபோல என்று குழந்தை நினைத்துக்கொள்கிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

வகுப்பில் இது தினமும் நடக்கும். சரியான பதில் சொன்ன பிள்ளையிடம் நிச்சயமாகவா என்று கேட்டுப் பாருங்கள், உடனே பதிலை மாற்றும். தப்பான பதிலுக்கு மட்டும் நிச்சயமாகவா என்று கேட்கும் வழக்கத்தை இப்போதே விட்டுவிடுங்கள். சரிக்கும் தப்புக்கும் ஒரே கேள்வி: எப்படிக் கண்டுபிடித்தாய்?

உற்றுநோக்கல் பதிவேடு எழுதும்போது நேரும் பெரிய பிழை, பார்த்ததற்குப் பதில் தீர்ப்பை எழுதுவது. கவனமில்லாத பையன் என்பது தீர்ப்பு. 10.05-க்குப் பென்சிலைச் சீவினான், 10.07-க்கு ஜன்னலைப் பார்த்தான், 10.08-க்கு, ஆசிரியர் பெயர் சொல்லி அழைத்ததும் சரியான விடை சொன்னான் என்பது பதிவு. இந்தப் பதிவைப் படித்தால் அவன் கவனமில்லாதவன்தானா என்ற சந்தேகமே வந்துவிடும். ஒரு குழந்தை, இருபது நிமிடம், நிமிடத்துக்கு ஒரு வரி. வாரம் ஒன்று போதும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நாம் எல்லோரும் பத்துப் பன்னிரண்டு ஆண்டு மாணவராக உட்கார்ந்து ஆசிரியர்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள். சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975-இல் இதற்கு 'பார்த்தே பெற்ற தொழிற்பயிற்சி' என்று பெயர் சொன்னார். ஆசிரியர் பேசியதையும் எழுதியதையும்தான் பார்த்தோமே தவிர, முந்தின இரவு அவர் திட்டமிட்டதையோ, நடுவில் மனதுக்குள் திட்டத்தை மாற்றியதையோ பார்த்ததில்லை. அதனால் நெருக்கடி வந்தால் கல்லூரியில் படித்தது மறந்து, நம் பழைய ஆசிரியரின் குரல் வெளியே வரும். எந்த நேரத்தில் அது வருகிறது என்று கவனித்தால் பாதி தப்பிக்கலாம்.

நுண்ணிலைக் கற்பித்தல்

1963-வாக்கில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் உடனிருந்தவர்களும் உருவாக்கிய முறை இது. ஒரு சிறு குழு, சில நிமிடம், ஒரே ஒரு திறன். பரவலாகப் பின்பற்றப்படும் சுழற்சி ஒன்று 36 நிமிடம்: கற்பிக்க 6, பின்னூட்டம் 6, மறுதிட்டம் 12, மறுபடி கற்பிக்க 6, மறுபடி பின்னூட்டம் 6. பல இடங்களில் மறுதிட்டத்தையும் மறுகற்பித்தலையும் நேரமில்லை என்று வெட்டிவிடுகிறார்கள். பிறகு மிஞ்சுவது மேடைப்பேச்சு மட்டும். இரண்டாவது ஆறு நிமிடம் இல்லாவிட்டால் இந்தப் பயிற்சியால் பயனில்லை.

குழந்தைகளாக நடிக்கும் தோழர்கள் எல்லாக் கேள்விக்கும் சமர்த்தாக விடை சொல்லிவிடுவது இன்னொரு குறை. ஆளுக்கு ஒரு தவறைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஒருவர் கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாதவர், ஒருவர் எழுந்து தண்ணீர் கேட்பவர், ஒருவர் எதற்கும் தலையாட்டுபவர். தலையாட்டுபவரைக் கண்டுபிடிப்பதுதான் மூன்றிலும் கடினம்.

கேள்வி கேட்கும் திறனை முதலில் எடுங்கள். மேரி பட் ரோ 1970-களில் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருந்தார்கள். அதை மூன்று நொடி ஆக்கியதும் பதில்கள் நீண்டன, பேசாத குழந்தைகளும் பேசின. மூன்று நொடி கேட்கச் சின்னதுதான். வகுப்பின் முன் நிற்கும்போது யுகமாகத் தெரியும். மனதுக்குள் எண்ணுங்கள். கேள்வியை முதலில் சொல்லி, காத்திருந்து, பிறகு பெயரைச் சொல்லுங்கள். பெயரை முதலில் சொன்னால் மற்ற 29 பேரும் ஓய்வெடுக்கப் போய்விடுவார்கள்.

பாடக்குறிப்பு எழுதும் முறை

பாடக்குறிப்பைக் கடைசியிலிருந்து எழுதுங்கள். மணி அடிக்கும்போது குழந்தை எதைச் செய்து காட்ட வேண்டும்? இடமதிப்பைப் புரிந்துகொள்வர் என்று எழுதினால், புரிந்ததா இல்லையா என்று கண்ணால் பார்க்க முடியாது. 34 குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிய கட்டுகளாகவும் மீதி ஒன்றுகளாகவும் பிரித்து, எண்ணை எழுதி, 3 எதைக் குறிக்கிறது என்று சொல்வர் என்று எழுதினால் பார்க்க முடியும். கற்றல் நோக்கங்களுக்குப் புளூம் 1956-இல் வகுத்து, 2001-இல் திருத்தப்பட்ட வகைப்பாட்டின் வினைச்சொற்கள் இதற்குத்தான் உதவும். அந்தப் பட்டியலிலிருந்து ஆறு வினைச்சொல்லை எடுத்து ஒரே பாடத்தில் திணிப்பதற்கு அல்ல. ஒரு பாடவேளைக்கு ஒரு நோக்கம், மிஞ்சினால் இரண்டு.

இரண்டாம் வகுப்பு, 30 குழந்தைகள், 40 நிமிடம், பத்துகளும் ஒன்றுகளும் என்று வைத்துக்கொள்வோம்.

இருவருக்கு ஒரு பை. மொத்தம் 15 பை. ஒவ்வொன்றிலும் 45 குச்சி, 5 ரப்பர் வளையம் (நான்கு தேவை, ஒன்று அறுந்துபோகும்). ஆக 675 குச்சி, 75 வளையம். முந்தின நாளே எண்ணிப் பையில் போட்டுவிடுங்கள். வகுப்பில் எண்ணிக் கொடுக்கலாம் என்று நினைத்தால் பத்து நிமிடம் போய்விடும், வகுப்பும் கையைவிட்டுப் போய்விடும்.

முதல் 5 நிமிடம் பையைக் கொடுக்காதீர்கள். ஒரு கைப்பிடிக் குச்சியை மேசையில் கொட்டி, எத்தனை இருக்கும் என்று ஊகிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றாக எண்ணும்போது வேண்டுமென்றே நடுவில் எண்ணிக்கையைத் தவறவிடுங்கள். கட்டாக வைத்துக்கொண்டால் மறக்காதே என்று குழந்தைகளே சொல்லும்வரை பொறுமை வேண்டும். அடுத்த 12 நிமிடம் இருவர் இருவராகக் கட்டுவது: 23, 30, 34, 41. அடுத்த 8 நிமிடம் அதையே படமாக வரைவது: பத்துக்கு ஒரு நீளக்கோடு, ஒன்றுக்கு ஒரு புள்ளி. பிறகு 10 நிமிடம் எண்ணாக எழுதுவது. கடைசி 5 நிமிடம் எல்லோரும் தனித்தனியாகச் சிறு தாளில் 43-ஐ வரைந்து எழுதித் தருவது. கைப்பொருள், படம், குறியீடு என்ற இந்த வரிசை ஜெரோம் புரூனர் சொன்னது. படத்தைத் தாண்டிக் குதிப்பவர்களின் வகுப்பில்தான், குச்சியில் சரியாகச் செய்த பிள்ளை நோட்டில் திணறும்.

என்ன தப்பு வரும் என்பதையும் குறிப்பிலேயே எழுதுங்கள். முப்பத்தைந்தை 305 என்று எழுதும் குழந்தை, காதால் கேட்டதை அப்படியே எழுதுகிறது: முப்பதுக்கு 30, ஐந்துக்கு 5. அதன் தர்க்கம் சரிதான்; இடமதிப்புதான் இன்னும் வரவில்லை. 30 என்ற அட்டையின் மேல் 5 என்ற அட்டையை வைத்து, பூச்சியம் ஒளிந்துகொள்வதைக் காட்டுங்கள். தமிழில் கற்பிப்பவருக்குக் கூடுதலாக ஒரு வேலை இருக்கிறது. அறுபது, எழுபது, எண்பது எல்லாம் பது என்று முடிய, அடுத்தது தொண்ணூறு என்று நூறில் முடிகிறது. அதேபோல் தொள்ளாயிரம் ஆயிரத்தில் முடிகிறது. ஒன்பது என்ற ஓரிலக்க எண்ணோ பது என்று முடிகிறது. இதை ஒருநாள் தனியாக எடுத்துச் சொல்லாவிட்டால் தொண்ணூற்று மூன்றை விதவிதமாக எழுதுவார்கள்.

கழித்தலில் 52 – 27 = 35 என்று வந்தால், குழந்தை ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்னதைக் கழிக்கிறது. கவனக்குறைவு என்று சிவப்பு மையில் சுழித்துவிட்டால், நாளைக்கும் அப்படியேதான் செய்யும். 8 + 4 = □ + 5 என்ற கட்டத்தில் 12 என்று எழுதும் குழந்தைக்குச் சமக்குறி என்றால் இதோ விடை என்று பொருள்; இரண்டு பக்கமும் சமம் என்று பொருள் இல்லை. விடை எப்போதும் வலப்பக்கக் கடைசியில் வரும்படியே நாம் கணக்குப் போட்டுக் காட்டியதன் விளைவு அது. எண்ணச் சொன்னால் ஆறு வரை சரியாக எண்ணிவிட்டு, சரி, எத்தனை என்று கேட்டதும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும் குழந்தைக்கு, கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை. கெல்மன், கேலிஸ்டல் இருவரும் 1978-இல் எண்ணுவதற்கான ஐந்து விதிகளைப் பிரித்துச் சொன்னதில் இதுவும் ஒன்று. இந்த மாதிரித் தவறுகளைச் சேர்த்து வைப்பதுதான் உண்மையான பாட அறிவு. பட்டம் முடியும்போது உங்களிடம் குறைந்தது நூறு இருக்க வேண்டும்.

வாசிக்கக் கற்றுத்தருவது

தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய பொறுப்பு இல்லை. பல பட்டப்படிப்புகளில் இதற்குத்தான் நேரம் குறைவாக ஒதுக்கப்படுகிறது என்பது வேடிக்கை. கஃப், டன்மர் இருவரும் 1986-இல் சொன்ன எளிய கணக்கை மனதில் வையுங்கள்: வாசித்துப் புரிதல் என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைக் கேட்டுப் புரியும் திறனையும் பெருக்கிய பலன். கூட்டியது அல்ல, பெருக்கியது. ஒன்று பூச்சியமானால் மொத்தமும் பூச்சியம். சரளமாக ஒலித்துவிட்டுப் பொருள் தெரியாமல் நிற்கும் பிள்ளையும், கதை கேட்டால் பிரமாதமாகச் சொல்லி எழுத்தில் தடுமாறும் பிள்ளையும் மதிப்பெண்ணில் ஒன்றுபோலத் தெரிவார்கள். மருந்து வேறு வேறு. எது குறை என்று அறிய, அதே பத்தியை நீங்கள் வாசித்துக்காட்டிக் கேள்வி கேளுங்கள். கேட்டுப் புரிந்துகொண்டால் குறை எழுத்தில். கேட்டும் புரியாவிட்டால் சொல்வளத்தில்.

தமிழ் வாசிப்பில் 247 எழுத்தையும் வரிசையாக ஒப்பிக்கவைப்பது பழைய வழி. பாட்டாகச் சொல்லும் குழந்தை, நடுவிலிருந்து ஓர் எழுத்தைக் காட்டினால் முதலிலிருந்து பாடிக்கொண்டே வந்துதான் கண்டுபிடிக்கும். அதற்குப் பதில் ட, ப, ம போன்ற எளிய வடிவங்களில் தொடங்கி, கற்ற எழுத்துகளால் உடனே படம், பட்டம் என்று சொல் கட்டவையுங்கள். பிறகு உயிர்க்குறிகள். கால், கொம்பு போன்றவை எந்த மெய்யோடும் ஒரே மாதிரி சேரும். ஒரு நாளில் ஒரு குறியை எல்லா எழுத்தோடும் பழக்கலாம். உகர, ஊகார வரிசைகள் அப்படி இல்லை. கு, சு, டு, மு, று என்று ஒவ்வொன்றும் ஒரு வடிவம். அவற்றை ஒரே நாளில் தள்ளிவிடாமல் நான்கைந்தாகப் பிரியுங்கள்.

கெ, கே, கை ஆகியவற்றில் குறி முன்னால் வருகிறது, ஒலி பின்னால் வருகிறது. கொம்பை எழுத்துக்குப் பின்னால் போடும் குழந்தை, காதுக்கு நேர்மையாக எழுதுகிறது. கொ, கோ இன்னும் மோசம்; எழுத்தின் இரு பக்கமும் குறி. இங்கே அவசரப்படாதீர்கள், கொம்பையும் காலையும் தனி அட்டைகளாக வெட்டி நகர்த்தவிடுங்கள்.

படத்தைப் பார்த்து வாசிப்பதுபோல் ஊகிக்கும் பிள்ளைகளும் உண்டு. படத்தைத் தாளால் மூடிவிட்டு வாசிக்கச் சொன்னால் தெரிந்துவிடும். இன்னொரு சோதனை: பொருளில்லாத சொற்கள். டபம், மடப என்று எழுதிக் காட்டுங்கள். எழுத்து தெரிந்த குழந்தை சிரித்துக்கொண்டே வாசிக்கும். சொல்லின் உருவத்தை மனப்பாடம் செய்த குழந்தை மௌனமாகிவிடும்.

பயிற்சிப் பள்ளியில்

முதல் வாரம் கற்பிக்க அவசரப்பட வேண்டாம். இருக்கை வரைபடம் ஒன்று போட்டு, மூன்று நாளுக்குள் எல்லாப் பெயரும் தெரிந்தாக வேண்டும். ஏய் நீலச்சட்டை என்று கூப்பிடும் ஆசிரியருக்கு ஒழுங்கு கிடைக்காது. வகுப்பு ஆசிரியரின் பழக்கங்களைக் குறியுங்கள்: அமைதிக்கு என்ன சைகை, தண்ணீர் குடிக்க எப்போது, நோட்டு எங்கே வைப்பது. முதல் மாதம் அவற்றையே பின்பற்றுங்கள். உங்கள் புதுமைகள் காத்திருக்கட்டும். இரண்டாம் வாரம் ஐந்தாறு குழந்தைகள் கொண்ட ஒரு குழு. மூன்றாம் வாரம் முழு வகுப்புக்கு ஒரு பாடத்தின் தொடக்கமோ முடிவோ மட்டும். நான்காம் வாரத்திலிருந்து நாளுக்கு ஒரு முழுப் பாடவேளை. கடைசியில் ஒரு வாரம் முழுவதும் வகுப்பு உங்களுடையது. பள்ளி இந்த வரிசையைத் தராவிட்டால் நீங்கள் கேட்டு வாங்குங்கள். பயிற்சி மாணவரைக் கண்டதும் மூன்று வகுப்பை ஒப்படைத்துவிட்டு அலுவலக வேலைக்குப் போகும் பள்ளிகளும் உண்டு.

வழிகாட்டி ஆசிரியரிடம், பாடம் எப்படி இருந்தது என்று கேட்டால் நன்றாக இருந்தது என்பார். பேச்சு அங்கேயே முடியும். பாடத்துக்கு முன்பே ஒரு வேலை கொடுங்கள்: ஐயா, நான் யார் யாரிடம் கேள்வி கேட்கிறேன் என்று இந்த இருக்கை வரைபடத்தில் கோடு போட்டுத் தருவீர்களா? பாடம் முடிந்து பார்த்தால், முன்வரிசை நடுவிலேயே கோடுகள் குவிந்திருக்கும்.

வகுப்பு ஏன் கலைகிறது என்பதற்குப் பெரிய உளவியல் காரணங்களைத் தேடும் முன் இந்த மூன்றைப் பாருங்கள். சத்தம் அடங்கும் முன்பே பேசத் தொடங்கினீர்களா? பொருளைக் கொடுத்தபின் விளக்கம் சொன்னீர்களா? முதலில் முடித்தவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தீர்களா? பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான். விளக்கம் முதலில், ஒரு குழந்தை அதைத் திரும்பச் சொல்வது அடுத்து, பொருள் கடைசியில். குரலை உயர்த்தி அடக்கினால் அன்றைக்கு அடங்கும். மறுநாள் இன்னும் உயர்த்த வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் தொண்டை கட்டிவிடும். அமைதிக்கு ஒரு கைதட்டல் தாளம் வைத்துக்கொண்டு, பிறகு தாழ்ந்த குரலில் பேசுங்கள். தண்ணீர் பாட்டில் மேசையில் இருக்கட்டும்.

மாலையில் நோட்டுத் திருத்துவது பலருக்கு மலை. முதலில் மதிப்பெண் போடாதீர்கள். அன்றைய கடைசித் தாள்கள் முப்பதையும் மூன்று குவியலாகப் பிரியுங்கள்: வந்துவிட்டது, பாதி வந்தது, வரவில்லை. பத்து நிமிட வேலை. மூன்றாவது குவியலில் நான்கு பேர் என்றால் நாளை அவர்களோடு ஒரு குழு. பதினைந்து பேர் என்றால் தப்பு உங்கள் பாடத்தில், மறுபடி வேறு வழியில் எடுங்கள். நாளைய பாடக்குறிப்பை இந்தக் குவியல்களைப் பார்த்தபின் எழுதுங்கள். வாரம் முழுமைக்கும் ஞாயிற்றுக்கிழமையே எழுதி முடித்த அழகான குறிப்புகள் செவ்வாய்க்கிழமையே செல்லாக்காசாகிவிடும்.

கல்லூரியிலிருந்து பார்வையிட வரும் நாளில் புதுத் துணைக்கருவி எதையும் இறக்காதீர்கள். பளபளப்பான விளக்கப்படம் குழந்தைகளுக்குத் திருவிழா. நோக்கம் காணாமல் போகும். ஏற்கெனவே பழகிய பொருள், பழகிய ஒழுங்கு, ஒரு நல்ல கேள்வி போதும். திட்டத்தை நடுவில் மாற்ற நேர்ந்தால் தயங்காமல் மாற்றிவிட்டு, காரணத்தைக் குறிப்பின் ஓரத்தில் எழுதுங்கள். அனுபவமுள்ள பார்வையாளர் அந்த ஓரக்குறிப்பைத்தான் தேடுவார்.

விளையாட்டுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாத விஷயம் குழந்தைகளின் பாதுகாப்பு. வீட்டில் அடிக்கிறார்கள் என்றோ வேறு தொல்லை என்றோ ஒரு குழந்தை உங்களிடம் சொன்னால், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அந்த வாக்கை உங்களால் காப்பாற்ற முடியாது. துருவித் துருவிக் கேட்கவும் வேண்டாம். அமைதியாகக் கேட்டு, சொன்னது நல்லது என்று மட்டும் சொல்லி, குழந்தையின் சொற்களை மாற்றாமல் தேதி நேரத்தோடு எழுதி, அன்றே பள்ளியில் அதற்குப் பொறுப்பானவரிடம் கொடுங்கள். முதல் நாளே அந்தப் பொறுப்பு யாருடையது என்று கேட்டு வைத்திருப்பது நல்லது. குழந்தைகளின் படங்களைச் சொந்தக் கைபேசியில் எடுப்பதோ இணையத்தில் போடுவதோ கூடவே கூடாது.

பதிவுகளும் கடைசி ஆண்டும்

பயிற்சி நாட்குறிப்பில் இன்று பாடம் சிறப்பாக அமைந்தது என்ற வரி நூறு முறை வரும். யாருக்கும் உதவாது. மூன்று வரி எழுதுங்கள்: நான் எதிர்பார்த்தது, நடந்தது, நாளை மாற்றப்போவது. செயலைத் திரும்பிப் பார்த்துக் கற்பதுபற்றி டொனால்டு ஷோன் 1983-இல் விரிவாக எழுதினார். நடைமுறையில் அது இந்த மூன்று வரிதான். மூன்றாவது வரி காலியாக இருந்தால் அன்றைய குறிப்பு முடியவில்லை.

கடைசி ஆண்டு ஆய்வுத் திட்டத்துக்குத் தலைப்பைச் சின்னதாக எடுங்கள். கணிதத்தில் மெல்லக் கற்போரை மேம்படுத்துதல் என்பது ஆயுளுக்கும் முடியாது. கடன் வாங்கிக் கழித்தலில் திணறும் ஆறு குழந்தைகளிடம் குச்சிக்கட்டு முறையை மூன்று வாரம் பயன்படுத்துதல் என்பது முடியும். முன்சோதனைத் தாள், வாரம் ஒருமுறை சிறு தாள், பின்சோதனைத் தாள் இவ்வளவும் பத்திரமாக இருந்தாலே அறிக்கை பாதி எழுதியாயிற்று. பலன் கிடைக்காவிட்டால் அப்படியே எழுதுங்கள். ஏன் கிடைக்கவில்லை என்ற பகுதி நன்றாக இருந்தால் மதிப்பெண் குறையாது.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பல பள்ளிகள் பதினைந்து இருபது நிமிட மாதிரிப் பாடம் கேட்கும். முன்பின் தெரியாத குழந்தைகள், தெரியாத அளவு. முதல் மூன்று நிமிடத்தில் அவர்களுக்கு என்ன தெரியும் என்று கண்டறியும் ஒரு கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள். அதே பாடத்தை எளிதாகவும் கடினமாகவும் எடுக்க இரண்டு தாள் தயாராகப் பையில் இருக்கட்டும். கோப்பில் சான்றிதழ்களுக்கு அடுத்து, பெயர் நீக்கிய ஆறு குழந்தைத் தாள்களை வையுங்கள். ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி: இந்தக் குழந்தை என்ன நினைத்து இப்படி எழுதியது, மறுநாள் அதற்காக நான் என்ன செய்தேன். நேர்காணலில் கோப்பைப் புரட்டுபவரின் கை பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் நிற்கும்.